தண்ணிப் படகை விட்டு இறங்கிய பிறகு

இன்று காலை ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள். வாரம் ஒருமுறை அதைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துவது இங்கே வழக்கம். நான் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சின்ன ஜன்னல் வழியாக டீசல் வாடை உள்ளே வந்தது. அவ்வளவுதான். சுவரில் பதித்திருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூடக் கை வரவில்லை.

நீ இருந்திருந்தால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "இன்னா டிரைவரு, உள்ள இன்ஜின் ஓட்டிக்கினு இருக்கிறியா?" என்று கேட்டிருப்பாய். அந்தக் குரலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு நானே குழாயை மூடிவிட்டு வெளியே வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இதை எழுத ஆரம்பித்தேன். உனக்குப் படிக்க வராது. உயிரோடு இருந்தபோதும் நான்தான் உனக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டுவேன். அதனால் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன்.

காக்கிநாடாவில் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் பழைய மரப்படகு நம்முடையது. முதலாளி வேறு ஒருவர்தான். ஆனால் அவர் அதில் ஒரு நாளும் படுத்துத் தூங்கியதில்லை. நாம் இருவரும் வருஷக்கணக்கில் அதிலேயே சமைத்து, அதிலேயே துணி துவைத்து, அதிலேயே காய்ச்சலில் கிடந்து, அதிலேயே குடியிருந்தோம். நீ சுக்கான் பிடித்தாய். நான் இன்ஜின் பார்த்தேன். நீ பழவேற்காட்டில் தண்ணீர் ஓரத்திலேயே பிறந்தவன். நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, டீசல் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு வெளியூர் போனவன். மனைவி இறந்த பிறகு எந்த ஊரிலும் நிற்கப் பிடிக்காமல் அந்தப் படகில் வந்து ஏறினேன். நீ கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எந்தப் பொண்ணுபா இதுல வந்து குடித்தனம் பண்ணும்?" என்பாய்.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாமலே அத்தனை வருஷம் தண்ணீர்மேல் குடியிருந்தேன். அலை கொஞ்சம் தூக்கினாலும் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்ஜின் அறையிலிருந்து பின்பக்கத்துச் சமையல் இடத்துக்குப் போவதற்குள் உயிர் போய் வரும். நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் பார்த்தால் அந்த வழி நெடுக இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டியிருந்தாய். எதற்கு என்று முதலாளியின் ஆள் கேட்டான். "துணி காயப்போட" என்றாய். நீ உன் துணியை எப்போதும் கூரைத் தகரத்தின் மேல்தான் விரித்துப்போடுவாய். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான்.

நீயோ எதற்கும் அசைய மாட்டாய். புயல் சின்னம் என்று துறைமுகத்தில் கொடி ஏற்றினால், சீக்கிரம் சோறு வடித்துச் சாப்பிட்டுவிடலாம் என்பாய்.

அந்தத் தை மாதத்துக் காலையை நீ யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. பனி அடர்ந்து கிடந்தது. தொட்டி நிறையத் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ வந்த சரக்குப் படகு ஒன்று நம் பக்கவாட்டில் மோதியது. நான் கீழே இன்ஜின் அறையில் இருந்தேன். மேலே ஏறுகிற மூடி, சட்டம் வளைந்து இறுகிக்கொண்டது. பலகை பிளந்த இடத்தில் தண்ணீர் வந்தது. இன்ஜின் நின்றது, விளக்கும் போனது. டீசல் கலந்த தண்ணீர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. நான் மூடியைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தேன். மேலே நீ கடப்பாரையை வைத்து நெம்பும் சத்தம் கேட்டது. கூடவே உன் குரல்.

"டிரைவரு, கேக்குதா?"

"கேக்குதுபா, தண்ணி ஏறுது."

"ஏறட்டும். நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கிட்டேன். உங்க வூட்டுக்கு எப்படி வரணும்? வழி சொல்லு."

உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"சொல்லுபா. வெயில்ல நின்னுக்கினு இருக்கேன்."

"நெல்லுக்காரத் தெரு வழியா வா."

"வந்துட்டேன். அப்புறம்?"

"கச்சபேஸ்வரர் கோயில் வரும்."

"உள்ள போய் கும்பிட்டுக்கினு வரட்டா?"

"வேணாம். நேரா வா. மேற்கால திரும்பு. கைலாசநாதர் கோயிலுக்குப் போற ரோட்ட கேளு."

"கேட்டுட்டேன். காட்டினாங்க. இப்ப இன்னா தெரியுது?"

"தெருவுல பாவு நீட்டியிருப்பாங்க. பட்டு நூலு, தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டியிருக்கும். மிதிச்சிடாத."

"மிதிக்கல. ஓரமாத்தான் வரேன். நீ பேசிக்கினே இரு."

தண்ணீர் நெஞ்சைத் தொட்டது. நான் என் தெருவில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் வீட்டு வாசலில் வேப்பமரம், யார் வீட்டில் நாய் கடிக்கும் என்றெல்லாம் சொன்னேன். பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் பாதி வார்த்தை உனக்குக் கேட்டிருக்காது. மூடி பெயர்ந்தது. நீ என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டாய். "வூடு வந்துடுச்சுபா" என்று மட்டும் சொன்னாய். சரக்குப் படகுக்காரர்கள் தங்கள் பம்பைப் போட்டுத் தண்ணீரை இறைத்து, நம் படகு மூழ்காமல் கரைக்கு இழுத்து வந்தார்கள்.

படகைப் பழுது பார்த்தார்கள். என்னைப் பழுது பார்க்க முடியவில்லை. இன்ஜின் அறை மூடியைத் திறந்தாலே எனக்கு வியர்த்துக் கொட்டியது. முதலாளி வேறு டிரைவரை வைத்தார். நான் மேலே உட்கார்ந்து உங்கள் இருவருக்கும் சமைத்துப் போட்டேன். கண்ணை மூடினால் டீசல் வாடை. அந்த நாட்களில்தான் என் தம்பி மகள் கவிதா காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டிலிருந்து போன் செய்தாள்.

"பெரியப்பா, ஓரிக்கை பக்கத்துல பெரியவங்களுக்குன்னே வீடு கட்டி விட்டிருக்காங்க. முதியோர் இல்லம் இல்ல பெரியப்பா, தனித்தனி வீடு. டாக்டர் வருவாங்க, சாப்பாடு ஹால்ல போட்டுடுவாங்க. நான் வேலைக்குப் போற வழிதான், வந்து வந்து பாத்துக்குவேன். ரெண்டு வீடு காலியா இருக்குது."

ரெண்டு வீடு என்று அவள் சொன்னது உன்னையும் மனதில் வைத்துத்தான். உன்னிடம் சொன்னேன். "நீ போபா. நான் தரையில இருந்து இன்னா பண்ணப் போறேன்?" என்றாய். எனக்குப் படகில் இருக்கவும் பயம், நீ இல்லாத இடத்துக்குப் போகவும் பயம். ஆனாலும் பையைக் கட்டினேன். ரயில் கிளம்பும் நேரத்துக்கு, தோளில் ஒரு கோணிப்பையோடு நீ பெட்டிக்குள் ஏறி வந்தாய்.

"இன்னா பாக்கிற, நகர்ந்து உக்காரு. உன்ன தனியா அனுப்பிட்டு அங்க எனக்குத் தூக்கம் வருமா?"

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், அங்கே நமக்காகக் காத்திருந்த கவிதா ஆட்டோ பிடிக்கப் போனாள். நீ தடுத்துவிட்டாய். "முதல்ல உங்க வூட்ட பாக்கணும். வழி எனக்குத் தெரியும்" என்று முன்னால் நடந்தாய். கைலாசநாதர் கோயில் ரோட்டைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு முறை தப்பாகத் திரும்பினோம். நான் சொன்ன வழியே தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. "இதுல வந்திருந்தா நீ மூழ்கியே போயிருப்ப" என்றாய். கவிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தக் குடியிருப்பில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, கம்பி பதித்த குளியலறை. நடுவில் ஒரு சுவர். கட்டிலுக்குப் பக்கத்தில் அவசர மணி. கதவுக்கு வெளியே ஒரு சின்னப் பலகை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. ராத்திரி சிவப்பு. காலையில் எழுந்ததும் பச்சையைத் திருப்பி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆள் வந்து தட்டும். மேனேஜர் அம்மா இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "இன்னாம்மா, ரயிலு சிக்னலா?"

நான் மெல்ல மெல்லத் தேறினேன். தரை அசையவில்லை என்பதே எனக்குப் பெரிய மருந்தாக இருந்தது. சாப்பாட்டு ஹாலில் நாலு பேரோடு பேசினேன். அதனால்தான் உன்னைக் கவனிக்கத் தவறினேனோ என்னவோ. நீ காலை அகட்டி வைத்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாய். லிஃப்டில் ஏற மறுத்தாய். ஒரு நாள் விடிந்த கையோடு உன் கதவைத் தட்டினேன். நீ சட்டை போட்டு, செருப்பு மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு செருப்பு?"

"இங்க எல்லாரும் எதுக்கோ காத்துக்கினு இருக்காங்கபா. நாமளும் கப்பலுக்குக் காத்துக்கினு இருந்தோம். அது வேற. வந்தா தண்ணி குடுத்துட்டு திரும்பிடலாம்."

நீ இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பாலாற்றைப் பார்க்கலாம் என்று உன்னை அழைத்துப் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை மணல். "ஆறுன்னியே?" என்று என்னைப் பார்த்தாய். ஐப்பசி மழையில் ஒருமுறை உண்மையாகவே தண்ணீர் வந்தது. ஓரிக்கையே வேடிக்கை பார்க்க ஓடியது. செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. நீ ஓடிப்போய்க் காலை நனைப்பாய் என்று நினைத்தேன். நீ ரோட்டிலேயே நின்றாய்.

"கிட்ட வாயேன்."

"வேணாம்பா. போனா திரும்ப மாட்டேன்."

விளையாட்டாகச் சொல்கிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வந்தேன். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று தெரியவில்லை.

அடுத்து எதிர்வீட்டு ரயில்வேக்காரர். தினமும் உன்னோடு தாயம் ஆடுவாரே, அவர். ஒரு காலை அவர் பலகை சிவப்பிலேயே இருந்தது. முதலில் பார்த்தவன் நீதான். ஆள் வந்தது, கதவு திறந்தது, பின்பக்க வாசலில் ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. மறுநாள் சாப்பாட்டு ஹாலில் நம் மேஜையில் ஒரு இடம் காலி. நீ தட்டை வைக்காமல் நின்றாய்.

"நாற்காலிய எடுத்துட்டாங்கபா" என்றாய்.

"பின்ன, வெச்சுக்கினா இருப்பாங்க?"

"ரெண்டு நாள் வெச்சிருக்கலாம்."

அன்றிலிருந்து நீ அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டாய். விடிவதற்கு முன்பே எழுந்து உன் பலகையைத் திருப்பிவிட்டு, என் பலகையையும் திருப்பிவிடுவாய். நான் உயிரோடு இருக்கிறேனா என்று தெரியாமலே திருப்பினாய். கேட்டபோது, "நீ சிவப்பா இருக்கறத என்னால பாக்க முடியாது" என்றாய்.

பிறகு அந்தக் காலை. இரண்டு பலகையும் பச்சையாகத்தான் இருந்தன. டிபனுக்கு நேரமாகியும் நீ வரவில்லை. உன் கதவு திறந்திருந்தது. உள்ளே குளியலறைக் கதவு மட்டும் தாழிட்டிருந்தது. தாழ் போடக் கூடாது என்று மேனேஜர் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருந்தார். நீ கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக உனக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்திருந்தது.

"உள்ள இருக்கிறியா?"

"விழுந்துட்டேன் டிரைவரு. எழுந்திருக்க முடியல. இடுப்பு போச்சு."

வெளி அறையின் அவசர மணியை அழுத்திவிட்டு ஓடி வந்தேன். மணி கேட்டு வந்த வாட்ச்மேன், தாழைப் பெயர்க்க ஆசாரியைக் கூப்பிடப் போனார். நான் கதவைத் தோளால் இடித்தேன். என் தோளுக்கு அது அசையவில்லை. உள்ளே நீ மூச்சு வாங்குவது கேட்டது.

"பேசுபா" என்றாய். "ஏதாவது பேசிக்கினு இரு."

எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பழவேற்காட்டைக் கேட்டிருக்கலாம். உன் அம்மாவைக் கேட்டிருக்கலாம். படகைப் பற்றிப் பேசியிருக்கலாம். கடைசியில் சாப்பாட்டு ஹால் பலகையில் காலையில் படித்ததுதான் வாயில் வந்தது.

"மத்தியானம் வாழைத்தண்டு கூட்டு. மிளகு ரசம். அப்பளம்."

கதவில் காதை வைத்தேன்.

"மறுபடியும் கூட்டா?" என்றாய்.

ஆசாரி வந்து தாழைப் பெயர்க்கும் வரை சாம்பார், பொரியல், நேற்றைய உப்புமா என்று உளறிக்கொண்டே இருந்தேன். நீ உள்ளேயிருந்து ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டிருந்தாய். கதவு திறந்தபோது ஈரத்தரையில் நீ கிடந்த கோலத்தை நான் எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்கு ஆபரேஷன் செய்தார்கள். நன்றாக நடந்தது என்றார்கள். ஆனால் படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். நானும் கவிதாவும் மாறி மாறி உட்கார்ந்தோம். ஒரு சாயங்காலம் நீ என்னை அருகே கூப்பிட்டு, மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டுச் சொன்னாய்.

"பயமா இருக்குதுபா."

அத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. புயலில் கேட்கவில்லை, பனியில் கேட்கவில்லை. தைரியமாக இரு என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

"எனக்கும்தான்" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். ஏதோ ஒரு கணக்கு சரியாகிவிட்ட மாதிரி கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினாய். மறுநாள் மத்தியானம் நர்ஸ் உன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூச்சு நின்றது.

சாம்பலைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனோம். உன் அக்கா பிள்ளைகள் படகு ஏற்பாடு செய்திருந்தார்கள். "ஏறுங்க மாமா" என்று கை கொடுத்தார்கள். ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தேன். அது ஆடியது. காலை எடுத்துவிட்டேன். அவர்கள் கலயத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் கரையில் நின்று, படகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். உன்னைக் கொண்டுபோய் விடக்கூட என்னால் வர முடியவில்லை. என் பயத்துக்காகத் தரைக்கு வந்தவன் நீ. வராமல் இருந்திருந்தால் இன்னும் அந்தச் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருப்பாயோ என்று நினைக்கும்போது என்னால் அந்த நினைப்பைக் கடைசி வரை கொண்டுபோக முடிவதில்லை. பாதியில் எழுந்து எங்காவது நடக்கப் போய்விடுகிறேன்.

உன் வீட்டில் இப்போது வேறொருவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். மனைவி போன பிறகு மகன் கொண்டுவந்து விட்டிருக்கிறான். வந்ததிலிருந்து சாப்பாட்டு ஹாலுக்கு வருவதே இல்லை. பலகையை மட்டும் திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். மேனேஜர் அம்மா, "பழக நாளாகும், விட்டுடுங்க" என்கிறார்.

உன் கதவைத் தாண்டிப் போவது இன்னும் எனக்குக் கஷ்டம்தான். எதிர்ச்சுவர் ஓரமாகத்தான் போவேன். இன்றும் இதைப் பாதியில் வைத்துவிட்டு அப்படித்தான் டிபனுக்குக் கிளம்பினேன். என்ன தோன்றியதோ, திரும்பி வந்து கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகு ஓடிவிடலாமா என்று இருந்தது.

"யாரு?"

"பக்கத்து வீடு."

"என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. உன்னிடமிருந்து தைரியம் எதையும் நான் கற்றுக்கொள்ளவில்லை. நீ கடைசியில் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னேன்.

"பயமா இருக்குது சார். தனியா போய் உக்காந்து சாப்பிட."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் போகவில்லை. தாழை விலக்குகிற சத்தம் வர வெகு நேரமானது. அது வரும் வரை நான் அங்கேயே நின்றேன்.